21-ஆம் நம்பர் வால்வு எல்லோருக்கும் ஒன்றல்ல

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுப்பது என் வேலை. பதினாறு வருடமாகிறது. முதல் டோக்கன் குழித்துறைக்காரர் என்றால் அடுத்தது பாறசாலையாக இருக்கும். ஒருவர் தமிழில் மூச்சு முட்டுகிறது என்பார், இன்னொருவர் மலையாளத்தில் அதையே சொல்வார். புரோபை நெஞ்சில் வைத்துவிட்டால் பாஷை வித்தியாசம் தெரியாது.

இதய வால்வு மாற்றச் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து வடக்கே திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுவார்கள். போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை: "மெட்டலா, டிஷ்யூவா, எதுல ரத்தம் நல்லா ஓடும்?" (டிஷ்யூ என்றால் மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வு.) முடிவு சொல்லும் இடத்தில் நான் இல்லை. அது சர்ஜனும் இதய டாக்டரும் சொல்ல வேண்டியது. ஆனால் வைத்த பிறகு அந்த வால்வுகள் எப்படி ஓடுகின்றன என்று தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேட்கச் சொல்வேன்.

போன சித்திரையில் ஒருவர் மனைவியோடு வந்தார். ரப்பர் தடி லோடு ஏற்றும் வேலை, வயது 47, நல்ல ஆகிருதி. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கிப்போயிருந்தது. "21 சைஸ் போதும்னு சொன்னாங்க. மெட்டல் 21 வைக்கவா, டிஷ்யூ 21 வைக்கவான்னு நாங்கதான் முடிவு பண்ணணுமாம்" என்றார் அந்த அக்கா. அவர்கள் இரண்டு விலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த 21 என்ற எண்தான் உறுத்தியது.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எக்கோவில் என்ன அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நேராக அளப்பது ரத்தத்தின் வேகத்தை மட்டும்தான். வேகத்தை வர்க்கப்படுத்தி நாலால் பெருக்கினால் வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அதைத்தான் கிரேடியண்ட் என்கிறோம். வினாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 16 மி.மீ. பாதரசம், 3 மீட்டர் என்றால் 36, 4 என்றால் 64. துடிப்பு முழுவதற்குமான சராசரிதான் மீன் கிரேடியண்ட். ஒப்பிடும்போது அதைத்தான் முதலில் பார்ப்போம்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் சானலில் ஷட்டரைப் பாதி இறக்கிப் பாருங்கள். மேல்பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும், கீழே சீறிக்கொண்டு பாயும். சீறலைப் பார்த்துத் தண்ணீர் நிறையப் போகிறது என்று நினைக்கக் கூடாது. வழி குறைந்ததால்தான் சீறுகிறது. இதயத்திலும் அதே கதைதான், சீறினால் அந்தப் பாரத்தைச் சுமப்பது இடது கீழறை. வழி 1.7 சதுர செ.மீ.யிலிருந்து 1.2-க்கு இறங்கினால், அதே ரத்தத்தைத் தள்ள ஏறக்குறைய இரண்டு மடங்கு கிரேடியண்ட் ஆகும்.

பிறவியிலேயே வந்த அயோர்டிக் வால்வில் 3 முதல் 4 சதுர செ.மீ. வழி இருக்கும். அது 1-க்குக் கீழே போய், மீன் கிரேடியண்ட் 40-ஐத் தொட்டால் கடுமையான சுருக்கம். எந்தச் செயற்கை வால்வும் பிறவி வால்வு அளவுக்குத் திறப்பதில்லை. வளையம், தையல் துணி, தாங்கும் கால்கள் எல்லாம் வழியில் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. அதனால் அயோர்டிக் இடத்தில் வைத்த வால்வில் மீன் கிரேடியண்ட் 20-க்குள் இருந்தால் நல்ல ஓட்டம் என்போம், 35-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவோம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் கணக்கே வேறு. அங்கே 5 வரை சரி, 10-க்கு மேல் போனால் தேட வேண்டும்.

இப்போது அந்த 21. அது மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் ரத்தம் போகும் ஓட்டையின் அளவு அல்ல, கம்பெனி போட்ட லேபிள். ஒரு கம்பெனியின் 21-ம் இன்னொன்றின் 21-ம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செயின்ட் ஜூட் என்ற வால்வின் பழைய சாதா மாடலை எடுத்துக்கொள்வோம். இரண்டு இதழ் கொண்ட மெட்டல் வால்வு அது. 19 சைஸில் பயன்படும் வழி சுமார் 1.0 சதுர செ.மீ., 21-இல் 1.4, 23-இல் 1.5. மாட்டின் இதய உறையில் செய்த பெரிமவுண்ட் டிஷ்யூ வால்வில் அதே மூன்று சைஸுக்கு ஏறக்குறைய 1.1, 1.3, 1.5. பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மெட்டலுக்கும் டிஷ்யூவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை விட, ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வித்தியாசம் பல இடத்தில் பெரிது.

லோடுக்காரருக்கு 172 செ.மீ. உயரம், 80 கிலோ. இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு 1.96 சதுர மீட்டர் வருகிறது. 1.3 வழியுள்ள டிஷ்யூ 21 வைத்தால், ஒரு சதுர மீட்டர் உடம்புக்கு 0.66 சதுர செ.மீ. வழிதான் மிஞ்சும். அயோர்டிக் இடத்தில் இந்தக் கணக்கு 0.85-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 0.65-க்கு வந்துவிட்டால், வால்வில் எந்தக் கோளாறும் இல்லாமலே அது அந்த உடம்புக்குக் கடுமையாகப் பற்றாது என்று அர்த்தம். இவர் அந்த விளிம்பில் நிற்கிறார். மெட்டல் 21 வைத்தாலும் 0.7 தான். அதே டிஷ்யூ 21-ஐ 150 செ.மீ. உயரம், 45 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு வைத்தால் 0.95 வரும், ராஜாபோல் ஓடும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஒரே வால்வுதான், இருக்கும் உடம்புதான் வேறு.

(உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகளைக் கொஞ்சம் இறக்கி, 0.70, 0.55 என்று வைத்துக்கொள்வார்கள். கொழுப்புக்கு அவ்வளவு ரத்தம் வேண்டியதில்லை.)

அந்த அக்காவிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: "இவர் உடம்புக்கு எவ்வளவு வழி வேணும்? 21-க்கு மேல் வைக்க வாய்ப்பு உண்டா?" இவ்வளவுதான். சர்ஜன் அதைக் கேட்டதும் கோபப்படவில்லையாம், உட்கார வைத்துப் பேசினாராம். வால்வு உட்காரும் இதய வளையம் சின்னதாக இருந்தால், அங்கிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்டாவின் அடியை வெட்டி ஒட்டுப் போட்டு அகலப்படுத்தலாம். ஆபரேஷன் நேரம் கூடும், ரிஸ்க்கும் கொஞ்சம் கூடும். இவருக்கு அப்படி அகலப்படுத்தி 23 சைஸில் நல்ல வழியுள்ள புது மாடல் மெட்டல் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து என் மேசையில் படுத்தார். மீன் கிரேடியண்ட் 11. மெட்டலா டிஷ்யூவா என்பதை அவருடைய வயது முடிவு செய்தது. ஓட்டத்தை முடிவு செய்தது அந்த ஒட்டு.

இனி வகைகளுக்கு வருவோம். 1960-இல் வந்த கூண்டுக்குள் பந்து வால்வை இப்போது யாரும் வைப்பதில்லை. பந்து நட்டநடுவில் நின்று ரத்தத்தைச் சுற்றிப் போகச் சொல்லும். ஓட்டத்துக்கு அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. அப்படியும் பலர் அதை வைத்துக்கொண்டு பல வருடம் வாழ்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது சாயும் தட்டு. நம் பக்கத்தில் இதற்குப் பெயர் சித்ரா வால்வு, இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச எனக்கு ஆசை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை இருக்கிறது. அங்கேதான் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் கருவி ஆய்வுப் பிரிவு. டாக்டர் வலியத்தான் தலைமையில் வால்வு செய்யப் போனார்கள், முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நாலாவதுதான் நின்றது. கோபால்ட் குரோமியம் கலந்த உலோகக் கூடு, அதற்குள் ஒரு வகைக் கெட்டிப் பாலிஎத்திலீனில் செய்த தட்டு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வைத்தாகிவிட்டது. தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தம் குறைவு. இரண்டு இதழ் கார்பன் வால்வு வைத்தவர் ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் கடிகாரம்போல் டிக் டிக் கேட்கும். சித்ராக்காரர்கள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

ஓட்டத்தில்? சித்ராவின் தட்டு 70 டிகிரி வரை சாயும். ரத்தம் ஒரு பக்கம் பெரிய வாயிலும் மறுபக்கம் சின்ன வாயிலுமாகப் போகும். பெரிய வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சர்ஜன் கணக்குப் பார்த்துத்தான் தைப்பார். 1977-இல் வந்த செயின்ட் ஜூடின் இரண்டு இதழ்கள் 85 டிகிரி வரை, கிட்டத்தட்ட நேராக, திறந்து நிற்கும். அதனால் 19, 21 போன்ற சின்ன அயோர்டிக் சைஸில் இரண்டு இதழ் மெட்டலின் நல்ல மாடலுக்கே என் ஓட்டு. மைட்ரலில் வைக்கும் 27, 29 சைஸ்களுக்கு வந்தால் எந்த மெட்டலாக இருந்தாலும் என் மெஷினில் கிரேடியண்ட் பெரிதாக மாறுவதில்லை. அங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஓட்டம் எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை.

டிஷ்யூ வால்வில் பன்றி வால்வு, மாட்டு இதய உறை என்று இரண்டு உண்டு. ஒரே சைஸில் பொதுவாக மாட்டு உறை வால்வுக்குத்தான் வழி கூட. வளையத்துக்கு மேலே உட்காரும்படி செய்த மாடல்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆனால் டிஷ்யூ காலப்போக்கில் சுண்ணாம்பு பிடித்து விறைக்கும். வயசானவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடிக்கும், சிறு வயதில் அதைவிடச் சீக்கிரம் கெடும். அப்போது நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியே உள்ளுக்குள் இன்னொரு வால்வு வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது பலரும் தைரியம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் சட்டைக்குள் சட்டை போடும் கதை அது. முதலில் வைத்தது 19 அல்லது 21 என்றால், அதற்குள் இன்னொன்று போனதும் வழி இன்னும் குறுகி கிரேடியண்ட் ஏறிவிடும். டிஷ்யூவை நம்பிப் போகிறவர்கள் முதல் தடவையே பெரிய சைஸுக்காகக் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம்.

தொடை வழி வால்வு பற்றி ஒரு பாட்டி கேட்டார். 76 வயது, சின்ன உருவம். "எனக்க நெஞ்சைக் கீறாம வைக்க ஒக்குமா மக்ளே?" ஒக்கும் பாட்டி. 2002-இல் பிரான்ஸில் டாக்டர் கிரிபியே முதன்முதலில் அப்படி வைத்தார். இன்று நம் ஊர்ப்பக்கமும் நடக்கிறது, இந்தியாவில் செய்த மைவால் என்ற வால்வும் இருக்கிறது. இதில் பலூனை ஊதி விரிப்பது ஒரு வகை, தானாக விரிவது இன்னொரு வகை. ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல ஆய்வு 2024-இல் வந்தது. வளையம் சின்னதாக உள்ள 716 பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தானாக விரியும் எவோலூட்டில் மீன் கிரேடியண்ட் 7.7, பலூனில் விரியும் சேப்பியனில் 15.7. சரிபாதி. இதோடு நிறுத்தினால் முடிவு சொல்லிவிடலாம். ஆனால் அதே ஒரு வருடத்தில் சாவு, பக்கவாதம், இதயம் தளர்ந்து மறுபடி ஆஸ்பத்திரி சேர்ந்தது எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பக்கம் 9.4 சதவீதம், மறுபக்கம் 10.6. பெரிய வித்தியாசமில்லை. நல்ல ஓட்டத்தின் பலன் வருடம் போகப் போகத்தான் தெரியும் என்பது ஒரு வாதம், நியாயமான வாதம். ஆனால் தானாக விரிவதில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவருவது கூடுதல். பின்னால் இதயக் குழாய்க்கு ஆஞ்சியோ செய்யப் போனால் வழி கிடைப்பதும் சிரமம். 76 வயதுப் பாட்டிக்கும் 66 வயது அம்மாவுக்கும் இந்தத் தராசு ஒரே மாதிரி சாயாது.

இங்கே ஒரு கிளைக்கதை. வால்வு வைத்த பிறகு எண்ணை வாசிப்பதில்தான் அதிகம் பேர் பயந்துபோகிறார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டு இதழ் மெட்டல், அயோர்டிக். வேறொரு இடத்தில் எக்கோ எடுத்து "வால்வு அடைத்துவிட்டது, மறுபடி ஆபரேஷன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உச்ச வேகம் 3.5 மீட்டர், மீன் கிரேடியண்ட் 28. தூக்கமில்லாமல் முகம் வெளிறி, கையில் ஃபைலோடு நின்றார். முகம் வெளிறியது பயத்தால் என்றுதான் நானும் நினைத்தேன். படுக்க வைத்தால் நாடி 108.

நானும் அளந்தேன், அதே 3.5. அப்புறம் வால்வுக்கு முன்னால் ரத்தத்தின் வேகம் என்ன என்று பார்த்தேன். அங்கேயும் அது ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. முன் வேகத்தை வால்வு வேகத்தால் வகுத்தால் 0.36. இந்த விகிதம் 0.30-க்கு மேல் இருந்தால் பொதுவாக வால்வு குற்றவாளி இல்லை, 0.25-க்குக் கீழே போனால்தான் பெரிய சந்தேகம். அலையின் வடிவமும் சட்டென்று ஏறி இறங்கும் முக்கோணமாக இருந்தது. அடைத்த வால்வில் அது உருண்டையாக, தாமதமாக உச்சிக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. இரண்டு இதழுக்கு நடுவிலுள்ள ஒடுக்கமான சந்தில் ரத்தம் மற்ற இடத்தை விட வேகமாகப் பாயும். எக்கோ அந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு கிரேடியண்டை ஊதிக் காட்டும். ரத்தப் பரிசோதனை வந்தது: ஹீமோகுளோபின் 7.8. ரத்தம் குறைந்ததால் இதயம் வேகவேகமாகத் தள்ளி எண்ணை ஏற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு மூலமும் சேர்ந்துகொண்டு மாதக்கணக்கில் ஒழுகியிருக்கிறது. மனிதர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வால்வின் அசைவை எக்ஸ்-ரேயில் ஓடவிட்டுப் பார்க்கும் சினி ஃப்ளூரோவில் இரண்டு இதழும் அழகாகத் திறந்து மூடின. மூலத்துக்கு வைத்தியம் பார்த்து, ஹீமோகுளோபின் 12-க்கு வந்ததும் அதே வால்வில் மீன் கிரேடியண்ட் 17.

அதனால்தான் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எடுக்கும் முதல் எக்கோவை வால்வின் ஜாதகம் என்பேன். பிற்பாடு எந்த எண் வந்தாலும் அதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். வால்வு கார்டில் கம்பெனி, மாடல், சைஸ் எல்லாம் இருக்கும். அது இல்லாமல் வந்தால் நான் என்ன எண் எழுதினாலும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதுதான். ஒரு சேச்சி அதை லேமினேட் செய்து ரேஷன் கார்டு கவரிலேயே வைத்திருக்கிறார். சரியான இடம்.

கடைசியில் மைனி கதை. என் அண்ணன் மனைவி, 39 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வில் தங்கிவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன் பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது சுண்ணாம்பும் ஏறி கசிவும் வந்துவிட்டது, ரிப்பேருக்கு இடமில்லை. வீட்டில் எல்லோரும் டிஷ்யூ பக்கம் நின்றார்கள். மெட்டலுக்கு வேண்டிய, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தினமும் வேண்டாம், மாதாமாதம் ஊசி குத்தி டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று. நான் மெட்டல் பக்கம். ஓட்டத்துக்காக அல்ல, மைட்ரலில் இரண்டும் அவருக்குப் போதுமான வழி கொடுக்கும். ஏற்கெனவே நாடி ஒழுங்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்ததால் அசிட்ரோம் என்ற அந்த உறையா மாத்திரை எப்படியும் விடப்போவதில்லை. மாத்திரையும் போட்டுக்கொண்டு, சீக்கிரம் கெடும் டிஷ்யூவையும் வைத்துக்கொள்வானேன்?

இதே 39-க்குப் பதில் 24 வயதுப் பெண், இனிமேல் குழந்தை வேண்டும் என்றால் நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கும், நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறையும். அவர்களுக்குப் பலூன், ரிப்பேர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இன்னொரு ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே டிஷ்யூவுக்குப் போவது உண்டு. பொதுவாக அமெரிக்க வழிகாட்டி அயோர்டிக்குக்கு 50 வயதுக்குள் மெட்டல், 65-க்கு மேல் டிஷ்யூ, நடுவில் பேசி முடிவு செய் என்கிறது. ஐரோப்பாவில் மெட்டலுக்கு அயோர்டிக்கில் 60-க்குள், மைட்ரலில் 65-க்குள் என்று கோடு போடுகிறார்கள். பி.டி. டெஸ்டில் வரும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை அயோர்டிக் மெட்டலுக்கு 2 முதல் 3 வரையும், மைட்ரல் மெட்டலுக்கு 2.5 முதல் 3.5 வரையும் வைக்கப் பார்ப்பார்கள். மைட்ரலில் ரத்தம் மெதுவாகப் போவதால் உறைய வாய்ப்பு கூட. ஒற்றைத் தட்டு வால்வு உறைந்து ஒட்டிக்கொண்டால் இன்னொரு இதழ் என்ற ஆறுதலும் கிடையாது. புது வகை உறையா மாத்திரைகளை மெட்டலுக்குக் கொடுக்கக் கூடாது. 2013-இல் டாபிகாட்ரானை வைத்துப் பார்த்த ஆய்வில் உறைதலும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது.

முருங்கைக்கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாமே, விட வேண்டுமா என்று மைனி கேட்டார். விட வேண்டாம், ஒரு வாரம் தினமும் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் ஆகாது, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றேன். திருவனந்தபுரத்தில் 27 சைஸ் சித்ரா வைத்தார்கள். ஏழாவது வாரம் என் மேசையிலேயே எக்கோ. நாடி 72, மீன் கிரேடியண்ட் 4, தட்டு பளிச்சென்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி தம்பி, நல்லாத்தான் ஓடுது. இந்த மாச பி.டி. டெஸ்டை இங்கேயே எடுக்கட்டா, மார்த்தாண்டத்துலயா? ஒரே லேபுல எடுக்கணும்னு நீதானே சொன்ன."